கிழிந்துபோன ஓர் எழுத்து

சென்ற மாதம் என் அண்ணன் மகன் இரண்டு நாள் விடுப்பில், மலேசியாவில் நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தான். காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்குப் பிறகு சீருடை போட்டவன் அவன் ஒருவன்தான். இரவுச் சாப்பாடு முடிந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால், நான் பல ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கும் படம் ஒன்றை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். 1991இல் டேவிட் மாமெட் எழுதி இயக்கிய ‘ஹோமிசைடு’ என்னும் படம் அது. அந்த ஆண்டின் கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்ததும் இந்தப் படமே. முதன்முறை நான் இதைப் பார்த்தபோது அப்பா உயிரோடு இருந்தார். அவரோடு சேர்த்து அல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது என்பதாலேயே இத்தனை காலம் எழுதாமல் இருந்தேன்.

பாபி கோல்ட் ஓர் அமெரிக்க நகரத்தின் கொலைவழக்குப் பிரிவில் துப்பறிவாளன். பிறப்பால் யூதன், ஆனால் அந்தப் பிறப்பு அவனுக்குத் தந்தது பெயர் ஒன்றைத்தான். வேலையே அவனுக்கு வீடு, கூட்டாளி சலிவனே அவனுக்கு உறவு. பணயக் கைதிகளைப் பிடித்துவைத்திருப்பவர்களிடம் பேசிப் பேசியே அவர்களை இறங்கிவரச் செய்யும் நாவன்மை அவனிடம் உண்டு. காவலரைக் கொன்றுவிட்டுத் தலைமறைவாகியிருக்கும் ராண்டால்ஃப் என்ற போதைப்பொருள் வணிகனைப் பிடிக்கும் பெரிய வழக்கில் அவன் முனைப்பாக இருக்கிறான். அப்படி ஒரு வேலையாகப் போகும் வழியில், கறுப்பினத்தவர் வாழும் ஏழைப் பகுதியில் சிறிய கடை நடத்திவந்த யூத மூதாட்டி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் தற்செயலாக நிற்க நேர்கிறது. மூதாட்டியின் மகன் செல்வாக்குள்ள மருத்துவர். அவர் மேலிடத்தில் பேசுகிறார். கோல்ட் பெரிய வழக்கிலிருந்து பிடுங்கப்பட்டு, அவனுக்குச் சிறிதும் விருப்பமில்லாத இந்தக் கடைக்காரக் கிழவியின் வழக்கில் போடப்படுகிறான். அவன் யூதன், ஆகவே அவன்தான் வேண்டும் என்று குடும்பம் கேட்கிறது.

இந்த இடத்தில் என் அண்ணன் மகன் சிரித்தான். “பேர்ப்பட்டை, அத்தை,” என்றான். காவலர் சட்டையில் மார்புப் பக்கம் குத்தியிருக்கும் பெயரைத்தான் சொன்னான். தோட்டப்புறத்தில் ஒரு பிரச்சினை என்று வண்டியை விட்டு இறங்கினால், ஜனங்கள் முதலில் படிப்பது அந்தப் பெயரைத்தானாம். படித்த மறுநொடியே மலாய் நின்று தமிழ் தொடங்கிவிடும், குரலும் மாறிவிடும். “நம்ம ஆளு வந்துட்டாரு” என்பார்கள். அது வரவேற்பு மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள்ளேயே ஒரு விண்ணப்பமும் இருக்கும் என்றான். ‘நம்ம ஆள்’ என்ற இரண்டு சொற்களை அப்பா எப்படிச் சுமந்தார் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கோல்டின் கதையில் எனக்குப் பிடிபட்ட முதல் நூல் அதுதான்.

எழுபதுகளின் இறுதியில் நடந்தது இது. அப்பா அப்போது கோப்ரல். தாம் பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே சம்சு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சிய ஒருவரைப் பிடித்து லோக்காப்பில் வைத்திருந்தார். பிடிபட்டவர், சிறுவயதில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். மறுநாள் விடிவதற்குள் அவருடைய தாயார் எங்கள் போலீஸ் குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்வாசலுக்கு வந்துவிட்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கைகள். நகக்கண்களில் காய்ந்த பால் கறுத்துப்போய் ஒட்டியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. “தம்பி, நீ நம்ம ஆளுதானய்யா” என்று அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு முறைதான் சொன்னார். அப்பா பதில் சொல்லாமல் நின்றார். பிறகு இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மா அந்தப் பாட்டிக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்தார். வழக்கு நடந்தது, அப்பா சாட்சி சொன்னார், அந்த மனிதருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த ஆண்டுத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், எப்போதும்போல் அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கப் போன அப்பாவின் கையிலிருந்து யாரோ அதை மெல்ல வாங்கிக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா கைகழுவிக்கொண்டு எங்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கடமைக்கும் இனத்துக்கும் இடையில் கிழிபட்ட மனிதன் என்று இந்தப் படத்தைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அப்பாவைப் பற்றி அப்படிச் சொன்னால் ஓரளவு பொருந்தும். கோல்டைப் பற்றி அப்படிச் சொல்வது போதாது என்பதே நான் சொல்ல வந்தது. அப்பா இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். எது எதைக் கேட்கும், எதற்கு எவ்வளவு விலை என்பது அவருக்குத் தெரியும். கோல்டுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கம் அவனுக்குப் பசியாக மட்டுமே இருக்கிறது. அந்தப் பசி அவனுக்கு இருக்கிறது என்பதே படத்தின் பாதிவரை அவனுக்குத் தெரியாது. தெரியாத பசியோடு தடயம் தேடப் போகிறவனுக்கு என்ன நேரும் என்பதுதான் இந்தப் படம்.

அந்தப் பசி விழித்தெழும் காட்சியை மாமெட் எவ்வளவு கொடுமையாக அமைத்திருக்கிறார் என்று பாருங்கள். துக்க வீட்டில், ஓர் அறையில் தனியாக நின்று, கோல்ட் சலிவனோடு தொலைபேசியில் பேசுகிறான். கூரைமேல் யாரோ சுடுகிறார்கள் என்று குடும்பத்தார் அஞ்சுவதை ஏளனம் செய்கிறான்; இந்த யூதர்களுக்கு எப்போதும் இதே கதைதான் என்ற தொனியில் கொச்சையாகக் கொட்டித் தீர்க்கிறான். திரும்பினால், இறந்தவரின் பேத்தி அதே அறையில் இருக்கிறாள். அவள் கத்தவில்லை. நீயும் யூதன்தானே, துக்க வீட்டில் நின்றுகொண்டு இப்படிப் பேசுகிறாயே, உன்னையே நீ இவ்வளவு வெறுக்கிறாயா என்ற பொருளில் அவள் கேட்பதை ரெபெக்கா பிஜன் ஏறக்குறைய உணர்ச்சியே இல்லாத குரலில் சொல்கிறார். கோல்டாக நடிக்கும் ஜோ மான்டென்யாவின் முகத்தை அப்போது கவனிக்க வேண்டும். வாதாடிப் பிழைப்பவன் வாயடைத்து நிற்கிறான். சிறிது நேரத்துக்கு முன்புதான் காவல் நிலையத்திலேயே, மேயர் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் அவனை யூதர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லால் ஏசியிருக்கிறார். வெளியார் ஏசிய சொல்லை அவன் தாங்கிக்கொண்டான். தன் வாயிலிருந்தும் அதே நஞ்சு வருகிறது என்று கண்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு அவன் பார்வை மாறுகிறது. கூரைக்கு ஏறிப் பார்த்தபோது கிடைத்த கிழிந்த காகிதத் துண்டு திடீரென்று கனம் பெறுகிறது. அதில் ‘குரோஃபாஸ்’ என்று ஆறு ஆங்கில எழுத்துகள். யூத நூலகம் ஒன்றுக்குப் போய் விசாரிக்கிறான். அது ஹிட்லரைக் குறிக்கும் சுருக்கச்சொல் என்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு சொல் உண்டு. ‘எல்லாக் காலத்துக்குமான மாபெரும் படைத்தலைவர்’ என்று பொருள்படும் ஜெர்மன் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தது அது. 1940இல் பிரான்சை வென்ற மிதப்பில் பிறந்த புகழுரை, போர் தோற்கத் தொடங்கிய பிறகு ஜெர்மானியரின் வாயிலேயே கேலியாகத் திரிந்தது. கோல்டுக்கு இப்போது எல்லாம் ஒன்றோடொன்று இணைகிறது. கடையின் நிலவறையில் பழைய தாம்சன் இயந்திரத் துப்பாக்கிப் பெட்டி கிடக்கிறது. மிட்டாய் விற்ற அந்த மூதாட்டி, இளமையில், இஸ்ரேல் உருவாவதற்காகப் போராடியவர்களுக்கு ஆயுதம் கடத்தி அனுப்பியவர் என்று தெரிகிறது. ஆகவே இது வெறும் கொள்ளைக் கொலை அல்ல. யூதர்களைக் குறிவைத்த சதி.

என் அண்ணன் மகன் இங்கே படத்தை நிறுத்தச் சொன்னான். “அந்தத் துண்டு எதிலேருந்து கிழிஞ்சது? மிச்சம் எங்கே? அதைத்தானே அத்தை மொதல்ல தேடணும்? எழுத்துக்கு அர்த்தம் அப்புறம் பார்க்கலாம்.” அவன் கேட்டது பயிற்சிப் பள்ளியின் முதல் பாடமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்தான் கோல்டின் வீழ்ச்சி முழுவதும் இருக்கிறது. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இறுதியில் அந்தக் காகிதத்தின் முழுச்சொல் அவன் கைக்கு வருகிறது. கிழிந்துபோனது ஒரே ஓர் எழுத்து. அதைச் சேர்த்துப் படித்தால், அது புறாத் தீவனம் ஒன்றின் பெயர். மூதாட்டியைக் கொன்றவர்கள், நிலவறையில் புதையல் இருக்கிறது என்ற அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பிய சிறுவர்கள். விசாரணையின் தொடக்கத்திலேயே தெருப்பிள்ளைகள் சொன்ன அதே கதை. அந்தக் கதை மிகச் சாதாரணமாக இருந்ததால், தன் இனத்தை அப்போதுதான் கண்டெடுத்த ஒருவனுக்கு அது போதவில்லை.

இதைக் காட்டி, யூதர்களின் அச்சமெல்லாம் வீண் கற்பனை என்று இந்தப் படம் சொல்கிறதோ என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதல் முறை அந்த உறுத்தல் இருந்தது. இம்முறை அது நீங்கியது. காவல் நிலையத்தில் விழும் அந்த வசைச்சொல் கற்பனை அல்ல. பொம்மை ரயில் விற்கும் கடைக்குப் பின்னறையில் யூத வெறுப்புத் துண்டறிக்கைகள் அச்சாவதை கோல்ட் கண்ணால் பார்க்கிறான். அதுவும் கற்பனை அல்ல. வெறுப்பு உண்மையாகவே ஊருக்குள் இருக்கிறது. இந்தக் குறிப்பிட்ட கொலையில்தான் அது இல்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருப்பது எத்தனை கடினம் என்பது, இந்த நாட்டில் சிறுபான்மையாக வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது, ஒரு பதவி உயர்வு தள்ளிப்போகும்போது, காரணம் நம் இனமா அல்லது வெறும் அலுவலகச் சோம்பலா என்று எத்தனை இரவு விழித்துக் கிடந்து யோசித்திருக்கிறோம். சில வேளை இனம்தான் காரணம். சில வேளை புறாத் தீவனம்.

படத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி நூலகத்தில் நடக்கிறது. அங்கே ஓர் அறிஞர் எபிரேய எழுத்தைக் காட்டி கோல்டைப் படிக்கச் சொல்கிறார். அவனுக்குப் படிக்கத் தெரியாது. யூதன் என்கிறாய், எபிரேயம் வாசிக்கத் தெரியாது என்கிறாய், பிறகு நீ யார் என்று அந்த அறிஞர் கேட்கிறார். கேட்பவருக்கு அது வெறும் வியப்பு. கேட்கப்பட்டவனுக்கோ அது தீர்ப்பு.

நான் ஓரக்கண்ணால் என் அண்ணன் மகனைப் பார்த்தேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பாவின் கருமாதி அன்று, மூத்த பேரன் என்று பண்டாரம் அவன் கையில் சிவபுராணம் அச்சிட்ட சிறு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவன் தேசியப் பள்ளியில் படித்தவன். வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடி, என்னிடம் நீட்டினான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், “போலீஸ் ஆபீசரு, தமிழ் தெரியாதா?” என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், அவற்றுக்குப் போகாத பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும். அன்று அவன் முகத்தில் ஓடியதை நான் மான்டென்யாவின் முகத்தில் மறுபடி பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அந்த இரவிலும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நூலகத்தின் வழியாக கோல்ட் ஒரு மறைவான யூதக் குழுவைச் சென்றடைகிறான். அவர்கள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். துப்பாக்கிப் பெட்டியோடு கிடைத்த பழைய பெயர்ப் பட்டியல் வேண்டும். அது வழக்கின் தடயப்பொருள், பதிவாகிவிட்டது, தர முடியாது என்று மறுக்கிறான். அதற்காக அவர்கள் அவனை அவமதித்து அனுப்புகிறார்கள். பிறகு அவனே அந்தக் குழுவின் பெண் ஒருத்தியைத் தேடிப் போய், ஏதாவது செய்ய என்னையும் சேர்த்துக்கொள் என்று மன்றாடுகிறான். அவளிடம் அவன் மனம் திறக்கும் பேச்சு படத்தின் உச்சம் என்பேன். யூதன் என்றால் கோழை என்று பிறர் நினைப்பார்களே என்பதற்காகவே, வாழ்நாளெல்லாம் எந்த ஆபத்தான கதவையும் முதலில் உடைத்துக்கொண்டு நுழைந்தவன் தான் என்கிறான். அதே இரவில், அந்த ரயில் பொம்மைக் கடையை அவன் கையாலேயே வெடிவைத்துத் தகர்க்கிறான். சட்டத்தை மீறு என்று அவர்கள் கேட்டபோது மறுத்தவன், கேட்காதபோது தானாகவே மீறுகிறான். அந்தச் செயலைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பட்டியலைக் கொடு என்று அவர்களே அவனை மிரட்டுகிறார்கள். அங்கேயும் அவன் ‘நம்ம ஆள்’ ஆகவில்லை. பயன்படும் ஆளாகத்தான் ஆனான்.

அந்த இழுபறியில், ராண்டால்ஃபைப் பிடிக்க வகுத்திருந்த திட்டத்துக்கு கோல்ட் தாமதமாக வந்து சேர்கிறான். சலிவன் குண்டடிபட்டு இறக்கிறான். வில்லியம் எச். மேசி சலிவனை அவ்வளவு இயல்பான நட்போடு நடித்திருப்பதால், அந்தச் சாவு சட்டென்று வயிற்றில் அடிக்கிறது. ராண்டால்ஃபின் தாயைப் பேசிச் சம்மதிக்கவைத்து மகனைக் காட்டிக்கொடுக்கச் செய்தவனும் கோல்ட்தான். குடும்பம், உறவு, தாய்ப்பாசம் என்று மற்றவர்களின் சொந்தபந்தத்தை நாவால் மீட்டி வேலை வாங்கத் தெரிந்தவனுக்குச் சொந்தமென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர் இந்தப் படத்தில் ஓரமாகவே நிற்கிறார்கள். விங் ரேம்ஸ் போன்ற ஒரு நடிகரை ராண்டால்ஃபாக வைத்துக்கொண்டு, இறுதியில் சில நிமிடங்கள் மட்டும் அவருக்குக் கொடுத்திருப்பது போதாது. ஒரு சிறுபான்மையின் வலியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண், பக்கத்திலிருக்கும் இன்னொரு சிறுபான்மையையும் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்.

யூதர் என்றால் நமக்குச் செய்தித்தாள் தலைப்புகள்தான் தெரியும். நம் கடப்பிதழிலேயே இஸ்ரேல் தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. பினாங்கில் முன்பு ஜாலான் யாஹூடி என்று பெயரிருந்த சாலை இன்று ஜாலான் சைனால் அபிடின். அங்கே மதிலுக்குள் பழைய யூத இடுகாடு இருக்கிறது. எபிரேயம் செதுக்கிய அந்தக் கற்களை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் ஊருக்கும் அந்தக் கதைக்கும் இன்னொரு மெல்லிய இழை உண்டு. 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் பிறந்தது. அதுவரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் காவல்துறைத் தலைவராக இருந்த நிக்கல் கிரே அந்த ஆண்டே மலாயாவின் காவல்துறை ஆணையராக வந்தார். அவருக்குக் கீழே பணியாற்றிய சார்ஜன்கள் சில நூறு பேரும் வந்தார்கள். தோட்டத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரர் பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர் என்று அப்பா சொல்லுவார். அப்பா அப்போது, பெரட்டு என்னும் விடியற்கால ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் தாயாரோடு இருட்டில் நடக்கும் சிறுவன். அந்த மூதாட்டி ஆயுதம் அனுப்பியது இந்த வெள்ளைக்காரர்களின் ஆட்சிக்கு எதிராகவும்தான் என்று நினைத்தால் உலகம் சிறியதாகிவிடுகிறது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வரும். தன் குடும்பத்தையே கொன்ற ஒரு கைதி, காவல் நிலையத்துக்குள் கோல்டின் துப்பாக்கியைப் பறிக்கப் பாய்கிறான். அந்தத் தள்ளுமுள்ளில் துப்பாக்கி உறையின் தோல்பட்டை அறுந்துபோகிறது. தைக்க வேண்டும் என்று எண்ணுவதோடு சரி. வேலை மேல் வேலை வந்து விழுகிறது. மற்றவர்களுக்கு அது சிறு விஷயமாகத் தெரியலாம். அப்பாவின் உறையிலும் ஒருமுறை பட்டை விட்டுப்போனது. பணி முடிந்த கையோடு, சாப்பிடக்கூட வீட்டுக்கு வராமல், கடைவீதி அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரைபோட்ட நடைபாதையில், உட்கார்ந்திருந்த செருப்பு தைப்பவரிடம் போய், அவர் மெழுகு தேய்த்த நூலை இரட்டையாகக் கோத்துத் தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார். நானும் கூடவே நின்றேன். சாம்பார் வாளியை விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அந்த வாரத்தில்தான் அதுவும் நடந்தது.

மறுநாள் காலை என் அண்ணன் மகன் கிளம்பினான். ஈப்போவைத் தாண்டி அவனுக்கு இன்னும் நீண்ட தூரம் போக வேண்டும். கண்ணாடி முன் நின்று பெயர்ப்பட்டையை நேராகக் குத்திக்கொண்டே, “அந்தக் கூரை சீனை மட்டும் இன்னொரு தடவை போடுங்க அத்தை” என்றான். பசியாறிய தட்டுகளை எடுத்துவைத்துவிட்டுப் போட்டேன். நின்றபடியே பார்த்தான், கோல்ட் அந்தத் துண்டைக் கையில் எடுக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, திரைக்கு அருகே குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.